படிக்காமல் வைக்கும் கைநாட்டு



'ரிமோட் டெஸ்க்டாப்' என்றால் நம் துறையில் தெரியாதவர் இல்லை. ஓரிடத்தில் உள்ள கணிப்பொறியை இன்னோரிடத்தில் இருந்தபடியே திறந்து வேலை பார்ப்பது. அதற்கு என்ன வேண்டும் என்று கேட்டால், "பாஸ்வேர்டு இருந்தா போதும்டா" என்கிறார்கள். போதாது! லைசென்ஸ் என்று ஒன்று இருக்கிறது.

நம்மில் பலருடைய லேப்டாப்பில் இருப்பது விண்டோஸ் ஹோம். அதிலிருந்து வேறு கணிப்பொறிக்குள் போகலாம். ரிமோட் டெஸ்க்டாப் வழியாக அதற்குள் யாரும் வர முடியாது. ப்ரோ பதிப்பில் வரலாம், ஆனால் ஒரு நேரத்தில் ஒருவர்தான். வெளியிலிருந்து ஒருவர் நுழைந்தால், எதிரே உட்கார்ந்திருப்பவரின் திரை பூட்டிக்கொள்ளும். இயந்திரத்துக்குத் தெம்பில்லாமல் அல்ல. விற்றவர் போட்ட வேலி இது.

சர்வர் பதிப்பில் நிர்வாக வேலைக்கு மட்டும் இரண்டு பேர் நுழையலாம். மற்றவர்களுக்கு சி.ஏ.எல்., அதாவது 'கால்' என்ற லைசென்ஸ் வாங்க வேண்டும். உள்ளே கால் வைக்கவே 'கால்' வேண்டும்! வாங்காவிட்டால் 120 நாள் தவணை; பிறகு கதவு அடைபடும். இதில் ஆள் கணக்கு, இயந்திரக் கணக்கு என்று இரண்டு வகை. 30 இயந்திரங்களில் இரண்டு ஷிப்டாக 60 பேர் படித்தால், முதல் கணக்கில் 60 வேண்டும். இரண்டாவதில் 30 போதும். விதியைப் படித்தவனுக்குப் பாதிச் செலவு மிச்சம்!

குறுக்கு வழி சொல்லித் தரும் அண்ணன்களும் உண்டு. ஒரு டி.எல்.எல். கோப்பை மாற்றினால் எத்தனை பேர் வேண்டுமானாலும் நுழையலாமாம். நுழையலாம்தான். ஆனால் அது ஒப்பந்த மீறல். அடுத்த அப்டேட்டிலேயே நின்று போகலாம். யாரோ திருத்திய கோப்புக்குள் என்ன ஒளிந்திருக்கிறதோ! நாளை நாம் வேலைக்குச் சேரும் சிறு கம்பெனியில் இதைச் செய்து வைத்துத் தணிக்கை வந்தால், "யார் பண்ணது?" என்ற கேள்வி டிப்ளமோ பையனிடம்தானே வரும்?

எங்கள் வீட்டில் முதன்முதலாகப் படிக்க வந்தவன் நான். கடன் பத்திரம் எது வந்தாலும், "படிச்சுச் சொல்லுப்பா, அப்புறம் கைநாட்டு வைக்கிறேன்" என்பார் அப்பா. எழுத்தறியாதவருக்கு உள்ள எச்சரிக்கை நமக்கு இருக்கிறதா? 'ஒப்புக்கொள்கிறேன்' என்ற பட்டனை ஒரு வரிகூடப் படிக்காமல் அழுத்துகிறோமே, அதுவும் கைநாட்டுதானே!

"பணம் இல்லாதவன் என்ன செய்வான்?" என்று நண்பர்கள் கேட்பது நியாயம். விலை அதிகம்தான். தன் பொருளுக்கு விதி போட அவர்களுக்கு உரிமை உண்டு. அதை வாங்காமலிருக்க நமக்கும் உரிமை உண்டு. லினக்ஸில் எக்ஸ்.ஆர்.டி.பி. என்ற இலவச மென்பொருளைப் போட்டால், விண்டோஸிலிருந்தே பலர் ஒரே நேரத்தில் நுழையலாம். ஆளுக்கொரு லைசென்ஸ் கேட்காது.

ஆகவே, பேரவை வழியாக இரண்டு கோரிக்கைகள். லேபில் ஒரு லினக்ஸ் சர்வர் வேண்டும். செய்முறை வகுப்பில் ஒரு மணி நேரமாவது லைசென்ஸ் ஒப்பந்தம் ஒன்றைத் தமிழில் விளக்கிச் சொல்ல வேண்டும்.

தோழர்களே, முதலில் படிப்போம்! பிறகு ஒப்புக்கொள்வோம்!

– மூன்றாமாண்டு மாணவன், கணிப்பொறித் துறை