தலையைப் பிடிக்கும் ஹெட்ஃபோன்

சில மாதங்களுக்கு முன்பு வரை என் அண்ணியின் கைப்பையில் எப்போதும் ஒரு கோடாலித் தைலப் புட்டி இருக்கும். வாடிக்கையாளர் சேவைப் பிரிவில் வேலை. காலை ஒன்பது மணி முதல் மாலை ஆறு மணி வரை காதில் ஹெட்ஃபோன். வீட்டுக்கு வந்ததும் நெற்றிப்பொட்டிலும் உச்சந்தலையிலும் தைலத்தைத் தேய்த்துக்கொண்டு, விளக்கை அணைத்துவிட்டுப் படுத்துவிடுவார். பிள்ளைகள் கொஞ்சம் சத்தம் போட்டாலும் எரிந்துவிழுவார். மூக்குக்கண்ணாடியை மாற்றிப் பார்த்தார். காப்பியைக் குறைத்துப் பார்த்தார். ரத்த அழுத்தம் பார்த்தார்கள், சரியாகத்தான் இருந்தது.

ஒரு நாள் என்னிடம், "தம்பி, சனி ஞாயிறு மட்டும் இந்தத் தலைவலி எங்கே போகுதுன்னே தெரியல" என்றார். விடை அந்தப் பேச்சிலேயே இருந்தது. சனி ஞாயிறுகளில் அவர் ஹெட்ஃபோன் போடுவதில்லை.

இப்படி ஒரு தலைவலி இருப்பது மருத்துவ உலகம் அறிந்ததுதான். பன்னாட்டுத் தலைவலிச் சங்கத்தின் வகைப்பாட்டில் 'வெளி அழுத்தத் தலைவலி' என்றே ஒரு பிரிவு உண்டு. தலைக்கவசம், நீச்சல் கண்ணாடி, இறுக்கமான பட்டை என்று ஏதாவது ஒன்று தலையைத் தொடர்ந்து அழுத்தும்போது வருவது. அழுத்தம் தொடங்கி ஒரு மணி நேரத்துக்குள் வலி வரும். அழுத்தும் இடத்தில்தான் அதிகம் வலிக்கும். கழற்றிய ஒரு மணி நேரத்துக்குள் போய்விடும். உங்கள் தலைவலிக்குக் காரணம் ஹெட்ஃபோன்தானா என்று கண்டுபிடிக்க இதுவே ஒரு நல்ல சோதனை.

இதற்கு நம் ஊரிலேயே ஒரு சான்று இருக்கிறது. 2020ஆம் ஆண்டு கொவிட்-19 காலத்தின் தொடக்கத்தில், தேசியப் பல்கலைக்கழக மருத்துவமனையில் முன்களத்தில் இருந்த சுகாதாரப் பணியாளர்கள் 158 பேரிடம் மருத்துவர்கள் ஆய்வு நடத்தினார்கள். என்95 முகக்கவசமும் பாதுகாப்புக் கண்ணாடியும் அணியத் தொடங்கிய பிறகு புதிதாகத் தலைவலி வந்ததாக 128 பேர் சொன்னார்கள். அதாவது 81 விழுக்காட்டினர். அவர்கள் அணிந்தது ஹெட்ஃபோன் அல்ல. ஆனால் இறுக்குவது எந்தப் பட்டையாக இருந்தாலும் தலைக்கு ஒன்றுதான்.

அதே ஆண்டு ஏப்ரலில் பிள்ளைகள் வீட்டிலிருந்து கற்கத் தொடங்கினார்கள், பெரியவர்கள் வீட்டிலிருந்து வேலை பார்த்தார்கள். அப்போது வாங்கிய ஹெட்ஃபோன்கள் இன்னும் பல வீடுகளில் ஓடிக்கொண்டிருக்கின்றன. ஒலி எப்படி என்று பார்த்து வாங்கியவர்கள் உண்டு, விலையைப் பார்த்து வாங்கியவர்கள் உண்டு. தலைக்குப் பொருந்துமா என்று பார்த்து வாங்கியவர்கள் குறைவு.

எடை பழைய கதை

தலையில் மாட்டும் ஒலிக்கருவியை 1910ஆம் ஆண்டு வாக்கில் அமெரிக்கக் கடற்படைக்குச் செய்து கொடுத்தவர் யூட்டா மாநிலத்தைச் சேர்ந்த நதானியல் பால்ட்வின். அதன் பிறகு பல பத்தாண்டுகளுக்கு ஹெட்ஃபோன் என்றால் கனமான பொருள்தான். 1979இல் சோனி நிறுவனம் வாக்மேனைக் கொண்டுவந்தபோது, பொதுவாக 300 முதல் 400 கிராம் வரை இருந்த ஹெட்ஃபோனுக்குப் பதிலாகச் சுமார் 50 கிராமில் ஒன்றைச் சேர்த்துக் கொடுத்தது. நடந்துகொண்டே பாட்டுக் கேட்கலாம் என்பது சாத்தியமானதற்கு அந்த எடைக் குறைப்பும் ஒரு காரணம்.

இப்போது மின்கலம், இரைச்சல் நீக்கும் வசதி எல்லாம் சேர்ந்து எடை மறுபடியும் ஏறியிருக்கிறது. சோனியின் டபிள்யூஎச்-1000எக்ஸ்எம்5 சுமார் 250 கிராம். ஆப்பிளின் ஏர்பாட்ஸ் மேக்ஸ் 380 கிராமுக்கு மேல். ஆனால் எடை மட்டுமே எல்லாவற்றையும் தீர்மானிப்பதில்லை. 250 கிராம் உச்சந்தலையில் ஒரே புள்ளியில் இறங்கினால் வலிக்கும். அதே எடை பட்டையிலும் இரண்டு காது மெத்தைகளிலும் பரவினால் தெரியவே தெரியாது. ஆகவே, புதிதாக ஒன்று வாங்க ஓடுவதற்கு முன் இருப்பதைச் சரிசெய்ய முடியுமா என்று பாருங்கள்.

எங்கே வலிக்கிறது?

முதலில் விரலை வைத்துக் காட்டுங்கள். உச்சந்தலையா, காதுக்கு மேலே பக்கவாட்டிலா, காது மடலிலா, காதுக்குப் பின்னாலா? ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு.

உச்சந்தலையில் வலித்தால், பெரும்பாலும் பட்டையின் நீளம் போதவில்லை. இரண்டு பக்கமும் ஒவ்வொரு படி இறக்குங்கள். பட்டை தலையை இலேசாகத் தொட வேண்டும், தொங்கவிடக் கூடாது. பழைய பருத்திப் பனியனை மூன்று நான்கு மடிப்பாக மடித்துப் பட்டையைச் சுற்றித் தைத்துவிட்டால் நல்ல மெத்தை கிடைக்கும். அழுக்கானால் கழற்றித் துவைக்கலாம். அரைமணிக்கு ஒரு முறை பட்டையை ஒரு விரற்கடை முன்னே அல்லது பின்னே நகர்த்துங்கள். ஒரே இடம் நாள் முழுதும் சுமை தாங்க வேண்டாம்.

பக்கவாட்டில் இறுக்கினால், அது பட்டையின் பிடி. புதிய ஹெட்ஃபோன்கள் இறுக்கமாகத்தான் வரும், போகப் போகத் தளரும். அதைக் கொஞ்சம் விரைவுபடுத்தலாம். உங்கள் தலையின் அகலத்தைவிட ஒரு விரற்கடை கூடுதலாகப் புத்தகங்களை அடுக்கி, அதன்மேல் ஹெட்ஃபோனை மாட்டி இரவு முழுக்க விட்டுவிடுங்கள். காலையில் போட்டுப் பாருங்கள். போதவில்லை என்றால் இன்னோர் இரவு. ஒரே நாளில் அகலமாக விரிக்க ஆசைப்பட வேண்டாம். உள்ளே உலோகத் தகடு உள்ள பட்டை வளைந்து கொடுக்கும், வெறும் பிளாஸ்டிக் பட்டை வெடித்துவிடும். ரொம்பவும் தளர்ந்துவிட்டாலும் தொல்லைதான். மெத்தை காதைச் சுற்றி ஒட்டாமல் போனால் ஒலியின் அடித்தளமே காணாமல் போகும்.

காது மடல் வலித்தால், மெத்தையின் உள்ளளவு சிறிது, அல்லது மெத்தை அமுங்கித் தட்டையாகி, காது உள்ளே இருக்கும் தகட்டில் இடிக்கிறது. இதற்கு மெத்தையை மாற்றுவதே வழி. பழைய மெத்தையின் அளவை எடுத்துக்கொண்டு தேடினால் பல வகைகளுக்கு மாற்று மெத்தை கிடைக்கும். ஹெட்ஃபோனின் விலையோடு ஒப்பிட்டால் செலவு குறைவு. துணி வகை மெத்தையில் வியர்வை குறையும், ஆனால் வெளிச்சத்தம் சற்றே உள்ளே வரும். தோல் வகையில் சத்தம் தடுக்கப்படும், சூடு கூடும்.

நம் ஊரின் ஈரப்பதம் ஆண்டு முழுவதும் சராசரியாக 80 விழுக்காட்டுக்கு மேல். செயற்கைத் தோல் மெத்தைகளின் மேற்பூச்சு பெரும்பாலும் பாலியூரித்தேன். வெப்பமும் ஈரமும் சேர்ந்தால் அது சிதைந்து, காதோரத்தில் கருப்புக் கருப்பாகப் பொடிப்பொடியாக ஒட்டும். பலர் இதைத் தலைமுடிச் சாயம் என்று நினைத்துக்கொள்வதும் உண்டு! கழற்றியவுடன் உலர்ந்த துணியால் வியர்வையைத் துடைத்து, பைக்குள் அடைக்காமல் காற்றோட்டமாக வைத்தால் மெத்தைக்கு ஆயுள் கூடும், காதுக்கும் நல்லது.

கண்ணாடி, கம்மல், கொண்டை

சிங்கப்பூரில் இளையர்களில் ஏறக்குறைய 80 விழுக்காட்டினருக்குக் கிட்டப்பார்வை இருக்கிறது. ஆகவே நம் ஊரில் ஹெட்ஃபோன் என்றால் பெரும்பாலும் அது மூக்குக்கண்ணாடிக்கு மேல் ஹெட்ஃபோன்தான். மெத்தை, கண்ணாடியின் காம்பை மண்டையோடு சேர்த்து அழுத்துகிறது. ஒரு மணி நேரத்தில் காதுக்குப் பின்னால் சுரீர் என்கிறது. வீட்டில் இருக்கும்போது காம்பு மெலிந்த கண்ணாடியைப் போடுங்கள். ஹெட்ஃபோனை மாட்டிய பிறகு காம்பைச் சற்று மேலே தூக்கி, மெத்தையின் மேல்விளிம்புக்கு மேலே இருக்கும்படி வையுங்கள். சிங்கப்பூரிலும் தலைமையகம் வைத்திருக்கும் ரேசர் நிறுவனம் தன் கிராக்கன் வகை ஹெட்ஃபோனின் மெத்தைக்குள், கண்ணாடிக் காம்புக்கென்றே ஒரு பள்ளம் வைத்தது. விளையாட்டுப் பிரியர்கள் மணிக்கணக்கில் உட்காருவார்கள், அவர்களில் பலர் கண்ணாடி போட்டவர்கள் என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

நம் பெண்களுக்கு இன்னொன்று உண்டு. கம்மலின் திருகாணி காதுக்குப் பின்னால் குத்தும். மெத்தை அதை நாள் முழுதும் அழுத்தினால் புண்ணாகிவிடும். ஜிமிக்கியைக் கழற்றிவைப்போம், சின்னக் கம்மலைத்தான் மறந்துவிடுவோம். நீண்ட நேரம் கேட்க வேண்டிய நாளில் தட்டையான திருகாணி போடுங்கள், அல்லது கழற்றி வையுங்கள். பட்டை உட்காரும் இடத்தில் கொண்டையோ கிளிப்போ இருந்தால், அதைக் கீழே இறக்கிக் கட்டுங்கள். முக்காடு அணிபவர்கள், பட்டைக்கும் மெத்தைக்கும் அடியில் ஊசியோ தடித்த மடிப்போ வராமல் பார்த்துக்கொண்டால் போதும்.

வலியை மறைக்கும் சத்தம்

இதெல்லாம் வெறும் சௌகரியம் பற்றியது என்று நினைக்கலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பொருந்தாத ஹெட்ஃபோன் போட்டவர் என்ன செய்கிறார்? வலிக்கிறது என்று ஒரு பக்கத்தைத் தளர்த்துகிறார். கண்ணாடிக் காம்பு ஏற்படுத்திய இடைவெளி வழியாக ரயில் சத்தம் உள்ளே வருகிறது. பாட்டு கேட்கவில்லை என்று ஒலியைக் கூட்டுகிறார். பொங்கோலிலிருந்து ஹார்பர்ஃபிரண்ட் வரை அப்படியே போகிறார், மாலையில் அப்படியே திரும்புகிறார்.

வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்பதாக இருந்தால் ஒலி 80 டெசிபலைத் தாண்டக் கூடாது என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. 90 டெசிபலில் கேட்டால் அந்த 40 மணி நேரம் வெறும் 4 மணி நேரமாகச் சுருங்கிவிடுகிறது. பிள்ளைகளுக்கு வரம்பு இன்னும் கீழே, 75 டெசிபல். உலகெங்கும் 100 கோடிக்கும் மேற்பட்ட இளையர்கள் இந்த வகையில் செவித்திறனை இழக்கும் அபாயத்தில் இருப்பதாக அந்த நிறுவனம் எச்சரிக்கிறது. தலைவலி கழற்றினால் போய்விடும். காதுக்குள் இருக்கும் நுண்மயிர் உயிரணுக்கள் போனால் திரும்ப வளராது.

எவ்வளவு நல்ல ஹெட்ஃபோனாக இருந்தாலும் மணிக்கு ஒரு முறை ஐந்து நிமிடம் கழற்றி வையுங்கள். கழற்றிய பிறகும் வலி தொடர்ந்தாலோ, காதில் ரீங்காரம் கேட்டாலோ, தைலத்தோடு நிறுத்திக்கொள்ளாமல் மருத்துவரைப் பாருங்கள்.

வாங்கத்தான் வேண்டும் என்றால், சிம் லிம் ஸ்குவேரிலோ சிட்டி ஹால் பக்கம் அடெல்ஃபியிலோ கடைக்கு நேரில் போங்கள். உங்கள் கண்ணாடியோடு, வழக்கமான கம்மலோடு, வழக்கமான கொண்டையோடு போங்கள். இரண்டு நிமிடத்தில் எல்லா ஹெட்ஃபோனும் நன்றாகத்தான் இருக்கும். கால்மணி நேரமாவது போட்டுப் பாருங்கள். பிள்ளைக்கு என்றால் பிள்ளையையும் அழைத்துப் போங்கள். பெரியவர் தலைக்குச் செய்தது சிறுவர் தலையில் நிற்காது.

அண்ணிக்குப் புதிதாக ஒன்றும் வாங்கவில்லை. அது அலுவலக ஹெட்ஃபோன். அமுங்கிப்போன மெத்தையை மாற்றித் தரும்படி மேலாளரிடம் கேட்கச் சொன்னேன். "இதுக்கெல்லாமா போய்க் கேட்பாங்க?" என்று தயங்கினார். கேட்டதும் மறுவாரமே புது மெத்தை வந்தது. அவரோடு சேர்த்து அந்த வரிசையில் இருந்த ஆறு பேருக்கும் வந்தது. அவர்களும் தலைவலியோடுதான் இருந்திருக்கிறார்கள், யாரும் வாய் திறக்கவில்லை. பட்டையை ஒரு படி இறக்கினார், கம்மலை மாற்றினார். இரண்டு வாரத்தில் மாலை நேரத்து இருட்டு அறை இல்லாமல் போனது.

தைலப் புட்டி இன்னும் கைப்பையில்தான் இருக்கிறது. இப்போது அது கொசுக்கடிக்கு.