வாடகை வீட்டில் மின்சாரக் கார்: பிளக் யாருடையது, பில் யாருடையது?

(நமது பெங்களூர் நிருபர்)

மின்சார வாகனங்களுக்கென்று நாட்டிலேயே முதலில் தனிக் கொள்கை வகுத்த மாநிலம் கர்நாடகம். அது 2017-ஆம் ஆண்டு. பொது சார்ஜிங் நிலையங்களின் எண்ணிக்கையிலும் 2024-ஆம் ஆண்டுக் கணக்குப்படி இம்மாநிலமே முன்னணியில் நின்றது. ஆனால் வண்டி வைத்திருப்பவர் எவரும் அன்றாடம் அந்த நிலையத்துக்குப் போய்க் காத்து நிற்பதில்லை. இரவு வீடு திரும்பியதும் வாசலில் பிளக்கைச் செருகிவிட்டுப் படுக்கப் போகிறார். கொள்கை எங்கே வகுக்கப்பட்டாலும் அது பலிப்பதும் பலிக்காததும் அந்த வாசலில்தான். அது வாடகை வாசலாக இருந்தால் என்ன ஆகும் என்பதைப் பற்றி மட்டும் யாரும் அதிகம் பேசுவதில்லை.

காருக்கும் நமக்கும் என்ன சம்பந்தம் என்று சிவாஜிநகரிலும் ஸ்ரீராமபுரத்திலும் இருக்கும் வாசகர்கள் கேட்கலாம். டாக்ஸி ஓட்டும் நம்மவர்கள் கடன் போட்டு மின்சாரக் கார் எடுக்கிறார்கள். குமாஸ்தா வேலையில் இருப்பவர்கள் கைமாறி வந்த சிறிய கார்களை விசாரிக்கிறார்கள். மின்சார ஸ்கூட்டரோ தெருவுக்குப் பத்து நிற்கிறது. கணக்கு எல்லோருக்கும் ஒன்றுதான், அளவுதான் வேறு.

முதலில் சுவரில் மாட்டும் பெட்டியைப் பற்றிய ஒரு தவறான எண்ணத்தைப் போக்க வேண்டும். அதைச் சார்ஜர் என்கிறோம். உண்மையான சார்ஜர் காருக்குள்ளேயே இருக்கிறது. வீட்டில் வரும் ஏ.சி. மின்சாரத்தை டி.சி.யாக மாற்றி பாட்டரிக்குள் அனுப்புவது அதுதான். சுவர்ப்பெட்டி மின்சாரத்தைப் பத்திரமாகக் கொடுக்கும் ஒரு காவலாளி, அவ்வளவே. காருக்குள் இருப்பது 3.3 கிலோவாட் சார்ஜர் என்றால், 7.2 கிலோவாட் பெட்டியை மாட்டினாலும் கார் 3.3-க்கு மேல் வாங்காது. பெரிய பெட்டி வாங்கினால் சீக்கிரம் நிரம்பும் என்று விற்பனையாளர் சொன்னால், காரின் ஏற்புத் திறன் எவ்வளவு என்று கேட்க வேண்டும். பதில் கையேட்டிலேயே இருக்கும்.

அந்த வேகம் தேவைதானா என்பது அடுத்த கேள்வி. டாடா டியாகோ போன்ற சிறிய காரில் 24 யூனிட் பிடிக்கும் பாட்டரி உண்டு. காலியான பாட்டரியைச் சாதாரண 15 ஆம்பியர் பவர் பிளக்கில் நிரப்ப எட்டு மணி நேரத்துக்குக் குறையாமல் ஆகும். ஆனால் பாட்டரியைத் தினமும் காலியாக்குபவர் யார்? நாளுக்கு 30 கிலோமீட்டர் ஓட்டுபவருக்கு, விரயம் உள்பட, நாலு யூனிட்டுக்குச் சற்று மேல் போதும். அது ஒன்றரை மணி நேர வேலை. நாள் முழுவதும் ஓடும் டாக்ஸிக்காரருக்குப் பெரிய பெட்டி பயன்படலாம். ஆபீசுக்குப் போய்வரும் குமாஸ்தாவுக்கு அது வீண் செலவு என்பதே என் அபிப்பிராயம். 7.2 கிலோவாட் பெட்டி 32 ஆம்பியர் இழுக்கும். இரண்டு மூன்று கிலோவாட் அனுமதி பெற்ற வீட்டில் அதை மாட்டினால் அனுமதிப் பளுவை உயர்த்த வேண்டும். அதற்கு வைப்புத் தொகை, பிறகு மாதாமாதம் கூடுதல் நிலைக் கட்டணம்.

ஆனால் சாதாரண பிளக் போதும் என்பதற்கு, இருக்கிற பிளக் போதும் என்று பொருள் அல்ல. கீசர் கால் மணி நேரம் ஓடி நின்றுவிடும். கார் அதே மின்சாரத்தை நிறுத்தாமல் மணிக்கணக்கில் இழுக்கும். பழைய ஒயரும் தளர்ந்த பிளக்கும் கீசரைத் தாங்கும், காரைத் தாங்காது. மெயின் பலகையிலிருந்து தனி ஒயர் இழுக்க வேண்டும்: 15 ஆம்பியர் பிளக்குக்கு 4 சதுர மில்லிமீட்டர், 32 ஆம்பியர் பெட்டிக்குக் குறைந்தது 6. தனி எம்.சி.பி. வேண்டும். 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே இணைப்பைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. வேண்டும். எர்த் சரியாக இருக்க வேண்டும்; இல்லையென்றால் பல கார்கள் சார்ஜ் ஏற மறுத்துவிடும். அந்த மறுப்பைப் பழுது என்று நினைத்து, எர்த் இல்லாமலே ஓடவைக்க வழி செய்து தரும் எலக்ட்ரீஷியன்களும் ஊரில் இருக்கிறார்கள். அவர்களை வீட்டுப் பக்கம் சேர்க்கக் கூடாது. ஜன்னல் வழியாக எக்ஸ்டென்ஷன் பெட்டியை இழுத்து வண்டிக்குக் கொடுப்பதும் அப்படித்தான்.

வேலூரில் 2022 மார்ச் மாதம் வீட்டில் இரவு சார்ஜில் போட்டிருந்த மின்சார ஸ்கூட்டர் தீப்பற்றித் தந்தையும் மகளும் மாண்டார்கள். அந்த ஆண்டு வேறு பல இடங்களிலும் ஸ்கூட்டர்கள் எரிந்தன. மத்திய அரசு நிபுணர் குழு அமைத்து, ஏ.ஐ.எஸ். 156 என்ற பாட்டரி விதிகளைக் கடுமையாக்கியது. அவை 2022 டிசம்பரிலும் 2023 மார்ச் இறுதியிலும் இரு கட்டமாக அமலுக்கு வந்தன. கைமாறி வரும் பழைய ஸ்கூட்டர் வாங்குபவர்கள் இந்தத் தேதிகளை நினைவில் வைத்து, எப்போது தயாரானது என்று பார்ப்பது நல்லது. எந்த வண்டியானாலும் படுக்கும் அறையிலும் வெளியேறும் வழியிலும் சார்ஜ் போட வேண்டாம்.

இனி பில். கர்நாடகத்தில் கிருஹ ஜோதி திட்டம் 2023-இல் வந்தது. மாதம் 200 யூனிட் இலவசம் என்று பொதுவாகச் சொல்கிறார்கள். விஷயம் அவ்வளவு எளிதல்ல. 2022-23-ஆம் ஆண்டுச் சராசரியுடன் பத்து சதவீதம் கூட்டிய அளவுதான் ஒருவருக்குரிய இலவசம். அதைத் தாண்டினால் தாண்டியதற்கு மட்டும் பணம். 200-ஐத் தாண்டினால் மொத்த பில்லையும் கட்ட வேண்டும்.

சராசரி 110 யூனிட் செலவழிக்கும் வீட்டை எடுத்துக்கொள்வோம். இலவச அளவு 121. ஸ்கூட்டருக்கு மாதம் 30 யூனிட் கூடினால் 140. பத்தொன்பது யூனிட்டுக்குத்தான் பணம். வரி எல்லாம் சேர்த்து யூனிட் 7 ரூபாய் என்று வைத்தால் 133 ரூபாய். அதே வீட்டில் காருக்கு 125 யூனிட் ஏறினால் மீட்டர் 235 காட்டும். இப்போது 235-க்கும் பணம். 1,645 ரூபாயும் அதன் மேல் நிலைக் கட்டணமும். காருக்குச் செலவானது 875 ரூபாய் மின்சாரம்; அதற்காகச் சலுகையும் சேர்ந்து போகிறது. அப்படியும் பெட்ரோலைவிட லாபம்தான். மாதம் 900 கிலோமீட்டருக்கு லிட்டருக்குப் 18 கொடுக்கும் பெட்ரோல் கார் 50 லிட்டர் குடிக்கும். 100 ரூபாய் என்றாலே 5 ஆயிரம். ஆனால் லாபத்தின் ஒரு பகுதியை வீணாக இழப்பானேன்?

வழி இருக்கிறது: வண்டிக்குத் தனி மீட்டர். வீட்டு மீட்டர் தன் அளவில் நிற்கும். வண்டி மின்வாகனக் கட்டணப் பிரிவில் தனியாக ஓடும். மின் நுகர்வோர் உரிமை விதிகளில் 2024 பிப்ரவரியில் செய்த திருத்தப்படி, கேட்பவருக்கு மின்வாகன சார்ஜிங்குக்குத் தனி இணைப்பு தர வேண்டும். பெருநகரங்களில் புதிய இணைப்புக்கான கெடு 7 நாளிலிருந்து 3 நாளாகவும், மற்ற நகராட்சிப் பகுதிகளில் 15-லிருந்து 7 நாளாகவும் குறைக்கப்பட்டது. 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 43-ஆவது பிரிவோ இன்னும் தெளிவு: கட்டடத்தின் சொந்தக்காரர் மட்டுமல்ல, அதில் குடியிருப்பவர் விண்ணப்பித்தாலும் இணைப்புக் கொடுக்க வேண்டியது விநியோகக் கம்பெனியின் கடமை.

சட்டம் குடியிருப்பவரைப் பார்க்கிறது. கவுன்ட்டரோ சொந்தக்காரரின் சம்மதக் கடிதத்தைக் கேட்கிறது. சொந்தக்காரர் எளிதில் கையெழுத்துப் போடுவதில்லை. குடியிருப்பவர் பெயரில் ஒரு மீட்டர் வந்துவிட்டால் நாளைக்குக் காலி செய்யமாட்டார் என்ற பயம் அவருக்கு. ஒரே மீட்டரில் ஆறு குடித்தனம் இருக்கும் வத்தாரங்களில் இந்தப் பேச்சுக்கே இடமில்லை. அங்கே சொந்தக்காரர் சொல்வதுதான் யூனிட் விலை.

இதற்கு மேல் இன்னொரு தடை. குடியேற்றச் சான்றிதழ் இல்லாத கட்டடங்களுக்கு மின் இணைப்புத் தரக் கூடாது என்று சுப்ரீம் கோர்ட் 2024 டிசம்பரில் தீர்ப்பளித்தது. அதன் விளைவாக 2025-இல் பெங்களூரில் ஏராளமான புதிய இணைப்புகள் நின்றுபோயின. பின்னர் 1,200 சதுர அடிக்கு மேற்படாத மனைகளில் உள்ள வீடுகளுக்கு மாநில அரசு விலக்குக் கொடுத்தது. அதைவிடப் பெரிய மனையில், சான்றிதழ் இல்லாத மூன்று மாடிக் கட்டடத்தில் வாடகைக்கு இருப்பவர், வண்டிக்குத் தனி மீட்டர் கேட்குமுன் இதை விசாரித்துக்கொள்ள வேண்டும்.

உதவித் தொகையும் பெரும்பாலும் பொது நிலையங்களுக்கே போகிறது. 2024-இல் வந்த பி.எம். இ-டிரைவ் திட்டத்தில் பொது சார்ஜிங்குக்கு 2 ஆயிரம் கோடி ரூபாய். வீட்டு வாசலுக்கு ஒன்றுமில்லை. தில்லி அரசு 2021-இல் முதல் 30 ஆயிரம் தனியார் சார்ஜர்களுக்குத் தலா 6 ஆயிரம் ரூபாய் வரை கொடுத்து, விண்ணப்பம் முதல் பொருத்துவது வரை மின் கம்பெனிகள் மூலம் ஒரே இடத்தில் முடிக்க ஏற்பாடு செய்தது. பணத்தைவிட அந்த ஏற்பாடுதான் பெரிது. கர்நாடகத்திலும் வாடகைதாரரின் விண்ணப்பத்தை, வாடகை ஒப்பந்தத்தை மட்டும் பார்த்து, காலி செய்யும் நாளில் மீட்டரைத் திரும்ப எடுத்துக்கொள்ளும் நிபந்தனையோடு ஏற்கச் சொல்லி ஒரு சுற்றறிக்கை வந்தால் போதும். புதுச் சட்டம் தேவையில்லை. அதுவரை, புதிய வீடு பார்ப்பவர்கள் முன்பணம் கொடுக்குமுன், தண்ணீர் எத்தனை நாளைக்கு ஒருமுறை வரும் என்று கேட்பதோடு, கீழே வண்டி நிறுத்துமிடத்தில் பவர் பிளக் உண்டா, அது எந்த மீட்டரில் ஓடுகிறது என்றும் கேட்டு, ஒப்பந்தத்தில் ஒரு வரி எழுதி வாங்கிக்கொள்ளலாம்.