கிலோஜூல் கணக்கு மட்டும் போதாது

சுரங்கம் ஆழமாகப் போகப்போகச் சுற்றியுள்ள பாறையில் அழுத்தம் ஏறுகிறது. தாளாத கட்டத்தில் பாறை வெடித்துச் சிதறும். கோலார் தங்கவயலில் 3 கிலோமீட்டருக்கும் கீழே இறங்கி உழைத்த தமிழ்க் குடும்பங்களுக்கு ‘ராக் பர்ஸ்ட்’ என்றால் என்னவென்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

கூரையைப் பிடித்து நிறுத்துவது, பாறையில் துளையிட்டு சிமென்டாலோ ரெசினாலோ இறுக்கிப் பதிக்கும் எஃகு போல்ட்டுகள். நெடுங்காலமாக அவற்றை மெல்ல இழுத்துப் பார்த்தே தரம் சொன்னார்கள். 20 மி.மீ. கம்பி 15 டன் தாங்கினால் திருப்தி. வெடிக்கும் பாறையோ நொடிக்குள் அடிக்கிறது. முழு நீளமும் இறுகிய முறுக்குக்கம்பி, விரிசல் விழுந்த இடத்தில் மட்டும் சற்று நீண்டு அறுந்துவிடும். வலு இருந்தும் நீள இடமில்லை. அதனால்தான் தென்னாப்பிரிக்காவில் 1990-களின் தொடக்கத்தில் கூம்பு போல்ட்டும், பின்னர் நார்வேயில் டி-போல்ட்டும் பிறந்தன. முன்னது சுற்றி இறுகிய சிமென்டையோ ரெசினையோ உழுதபடி நகரும். பின்னது நங்கூரங்களுக்கு இடையே வழவழப்பாக விட்ட பகுதியில் நீண்டுகொடுக்கும்.

கனடாவின் கான்மெட் ஆய்வகத்தில் தடித்த இரும்புக் குழாய்க்குள் போல்ட்டைப் பதித்துச் செங்குத்தாக நிறுத்துகிறார்கள். மேலே தூக்கிவைத்த எடையை விடுவித்ததும் அது போல்ட்டின் அடித்தட்டில் வந்து மோதும். 3 டன் எடை 1.5 மீட்டர் விழுந்தால் வேகம் நொடிக்கு 5.4 மீட்டர், ஆற்றல் 44 கிலோஜூல். ஆஸ்திரேலியாவின் கல்கூர்லியில் முறையே வேறு: குழாய், போல்ட், எடை மூன்றும் சேர்ந்து விழ, குழாயை மட்டும் தடுத்து நிறுத்துகிறார்கள்.

என் கவலை இங்கேதான். குழாய் முழுதாக இருந்தால் ஒரு விடை, நடுவில் வெட்டியிருந்தால் இன்னொரு விடை. முன்னதில் அடி தட்டில் விழுகிறது. பின்னதில் போல்ட்டின் நடுவயிற்றில் இறங்குகிறது. விற்பனைப் பட்டியலில் எஞ்சுவதோ ஒரே எண். அதை நம்பித்தான் ஒருவர் கூரைக்கடியில் நிற்கிறார்.

ஆய்வகத்தில் எடை நேர்கோட்டில் விழுகிறது. நிலத்தடியில் பாறை பக்கவாட்டிலும் நழுவி வெட்டும். போல்ட் துருப்பிடித்திருக்கலாம், ரெசின் சரியாகக் கலக்காமல் போயிருக்கலாம். போல்ட் தாங்கினாலும் போல்ட்டுகளுக்கு இடையே கட்டிய கம்பிவலை கிழிந்து கல் கொட்டலாம். ஆகவே கிலோஜூலோடு குழாயின் வகை, எடை, உயரம், ஒவ்வொரு அடிக்கும் நீண்ட அளவு, அறுந்த மாதிரிகள் எல்லாவற்றையும் வெளியிடச் சட்டம் வேண்டும். வாங்கும் நிறுவனமும் தன் ஆட்கள் பதித்த போல்ட்டுகள் சிலவற்றைச் சுற்றுப்பாறையோடு குடைந்தெடுத்து, ரெசின் எங்கெங்கே பிடித்திருக்கிறது என்று அறுத்துப் பார்க்க வேண்டும்.