வானத்தைக் கேட்டுச் சேர்த்தது யாருடைய சொத்து?



கொஞ்சம் நீளமான பதிவு. நம்ம ஊர் இளைஞர்களும் பள்ளிவாசல் நம்பிக்கையாளர் சபையினரும் கட்டாயம் வாசிக்க வேண்டும் என்று எழுதுகிறேன்.

கட்டாருக்கும் சவூதிக்கும் பிள்ளைகளை அனுப்பிய வீடுகளில் ப்ளைட்ராடார்24 தெரியாத ஆளில்லை. மகன் ஏறிய விமானம் இப்போது அரபிக்கடலுக்கு மேலே, இன்னும் ஒன்றரை மணித்தியாலத்தில் கட்டுநாயக்க என்று உம்மாமார் ஃபோனைப் பார்த்தே சொல்லிவிடுகிறார்கள். 2022 ஜூலை 14ஆம் திகதி கோட்டாபய ராஜபக்ஷ மாலைதீவிலிருந்து சிங்கப்பூருக்குப் போன சவூதியா விமானத்தையும் நம்மில் எத்தனையோ பேர் அப்படித்தான் பின்தொடர்ந்தோம்.

அந்தக் குட்டி விமானப்படம் எப்படி ஃபோனுக்கு வருகிறது என்று கேட்டால், செய்மதி என்கிறோம். பெரும்பாலும் அது யாரோ ஒருவரின் வீட்டுக் கூரையிலிருந்து வருகிறது.

பயணிகள் விமானங்கள் தாம் எங்கே இருக்கிறோம், எவ்வளவு உயரம், என்ன வேகம் என்பதை 1090 மெகாஹேர்ட்ஸ் அலைவரிசையில் ஓயாமல் சொல்லிக்கொண்டே பறக்கின்றன. இதற்குப் பெயர் ஏடிஎஸ்-பி. பூட்டும் இல்லை, இரகசியக் குறியீடும் இல்லை. தொலைக்காட்சி பார்க்கச் செய்யப்பட்ட சின்ன யூஎஸ்பி கருவி ஒன்று, ராஸ்பெரி பை ஒன்று, உயரத்தில் ஓர் அன்டனா இருந்தால் 300 கிலோமீற்றருக்கு அப்பால் போகிற விமானத்தையும் கேட்கலாம். உலகம் முழுக்கப் பல்லாயிரம் பேர் தமது காசில் இதை வாங்கி, தமது கரண்டிலும் இன்டர்நெட்டிலும் இரவு பகலாகத் தகவல் அனுப்புகிறார்கள்.

நம்ம ஊரிலும் சில இளைஞர்கள் பள்ளிவாசல் மேல்தட்டில் ஒன்று பொருத்த அனுமதி கேட்டிருக்கிறார்கள். தகவலைக் கம்பனிக்கு அனுப்பினால், காசு கட்டி எடுக்க வேண்டிய கணக்கு சும்மா கிடைக்குமாம். அன்டனாவுக்கு நான் எதிரி இல்லை. உயர்தரத்தில் பௌதிகவியல் படிக்கிற பிள்ளைக்கு அலைகளைப் பற்றி இதைவிட நல்ல செய்முறைப் பாடம் கிடைக்காது. அந்தப் பேரத்தைத்தான் எதிர்க்கிறேன்.

ஏன் என்று சொல்கிறேன். ஏடிஎஸ்-பி எக்ஸ்சேஞ்ச் என்று ஒரு தளம் 2016இல் தொடங்கியது. பெரிய கம்பனிகள் தனியார் ஜெட் உரிமையாளர் கேட்டுக்கொண்டால் அந்த விமானத்தின் விபரத்தை மறைத்துவிடும். இந்தத் தளம் எதையும் மறைக்காது என்றது. அதை நம்பி ஆயிரக்கணக்கானோர் தகவல் கொடுத்தார்கள். ஈலோன் மஸ்க்கின் ஜெட் எங்கே போகிறது என்று ஒரு மாணவர் டுவிட்டரில் போட்டுவந்தாரே, அதற்கும் இந்தத் தளத்தின் தகவல்தான் உதவியது. 2022 டிசம்பரில் மஸ்க்கின் டுவிட்டர் அந்தக் கணக்கை முடக்கியது. அடுத்த மாதமே, 2023 ஜனவரியில், தளமே ஜெட்நெட் என்ற கம்பனிக்கு விற்கப்பட்டது. தனியார் விமானம் வாங்கி விற்பவர்களுக்குத் தகவல் விற்பதுதான் அந்தக் கம்பனியின் தொழில்.

கூரையில் ஏறி அன்டனா கட்டியவர்களிடம் யாரும் கேட்கவில்லை. கோபத்தில் பலர் தமது கருவியின் தொடர்பை அறுத்தார்கள். ஆனால் அவர்கள் வருடக்கணக்காகக் கொடுத்துச் சேர்ந்த களஞ்சியம் விற்பனையோடு போய்விட்டது.

வாங்கியவர்கள் இனியும் எதையும் மறைக்க மாட்டோம் என்றார்கள். அந்த வாக்கைக் காப்பாற்றலாம். ஆனால் பொதுமக்கள் சேர்த்த ஒன்று ஒரு முதலாளியின் நல்ல மனதை நம்பி இருக்க வேண்டி வந்ததே, அதுதான் அநியாயம்.

இன்னொன்றையும் யோசியுங்கள். சில விமானங்கள் தமது இடத்தைச் சொல்லாது, அடையாளக் குறியை மட்டும் அனுப்பும். அதே சமிக்ஞை வேறு வேறு வீடுகளுக்கு வந்துசேரும் நேர வித்தியாசத்தை வைத்து இடத்தைக் கணக்கிடுகிறார்கள். அதற்குக் குறைந்தது நான்கு வீடுகளாவது ஒரே நேரத்தில் கேட்க வேண்டும். ஒரு வீடு தனியே கேட்டால் ஒன்றும் தெரியாது. அப்படியானால் அந்தத் தகவல் எந்த வீட்டுக்குச் சொந்தம்? நாலு பேரும் சேர்ந்தால்தான் உண்டாகிற பொருளை ஐந்தாவது ஆள் எப்படி விற்கலாம்?

நமக்கு இந்தக் கேள்வி புதிது இல்லை. உமர் (ரழி) அவர்கள் கைபரில் கிடைத்த காணியை வக்பு செய்தது எல்லோருக்கும் தெரிந்த வரலாறு. காணியை யாரும் விற்க முடியாது, வாரிசுக்கும் போகாது, பயன் மக்களுக்கு. பராமரிக்கிறவர் நியாயமான அளவுக்கு அதிலிருந்து எடுக்கலாம். மார்க்கத் தீர்ப்பு சொல்ல நான் ஆலிம் இல்லை. ஆனால் மையவாடிக் காணியைப் பராமரிக்கிறவர் அதை எழுதி விற்றால் நாம் சும்மா இருப்போமா?

சேர்வர் செலவை யார் கட்டுவது என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. செலவுக்குச் சந்தா வாங்குங்கள், வேலை செய்பவருக்குச் சம்பளம் கொடுங்கள். சம்பளம் எடுப்பது வேறு, சொத்தை விற்பது வேறு. சுவிட்சர்லாந்தில் ஓப்பன்ஸ்கை இலாப நோக்கமில்லாமல் நடக்கிறது, ஆய்வாளர்களுக்குத் தகவல் கொடுக்கிறது. ஏடிஎஸ்பி.லோல் என்ற தளம் சேர்த்த தகவலை யாரும் எடுத்துப் பயன்படுத்தத் திறந்த உரிமத்தில் வெளியிடுகிறது. முடியாது என்பவர்கள் இவற்றைப் பார்க்கட்டும்.

நிபந்தனைகளை ஏற்றுத்தானே பெட்டியில் டிக் போட்டார்கள் என்கிறார்கள். சட்டப்படி சரியாக இருக்கலாம். அமானிதத்துக்குச் சட்டம் மட்டும் போதாது.

மகனின் விமானம் தெரிந்தால் போதும், மற்றது நமக்கெதற்கு என்போரும் இருக்கிறார்கள். 2016இல் பஸ்ஃபீட் செய்தியாளர்கள் ப்ளைட்ராடார்24 தகவலை ஆராய்ந்துதான், எஃப்பிஐயின் சிறிய விமானங்கள் அமெரிக்க நகரங்களுக்கு மேலே வட்டமிட்டுக் கண்காணிப்பதைத் தெளிவாகக் காட்டினார்கள். மேலிருந்து மக்களைப் பார்க்கிறவர்களைக் கீழிருந்து மக்கள் பார்க்க முடிந்தது. அன்று கம்பனி தகவலைக் கொடுத்தது. நாளை மறுத்தால்? வேறு இடத்தில் திறந்த பிரதி இருந்தால் மட்டும்தான் நமக்கு வழி.

ஆகவே நம்ம பிள்ளைகளிடமும் சபையிடமும் நான் கேட்பது மூன்றுதான்.

ஒன்று, தகவல் முதலில் திறந்த வலையமைப்புக்குப் போகட்டும். ஒரே கருவியால் பல இடங்களுக்கு அனுப்பலாம். கம்பனிக்கும் அனுப்ப விரும்பினால் அனுப்புங்கள், ஆனால் கம்பனிக்கு மட்டும் அனுப்பாதீர்கள்.

இரண்டு, பிடிக்கிற தகவலின் பிரதி ஒன்று ஊரிலேயே இருக்கட்டும். பாடசாலைக் கணினியில் ஒரு ஹார்ட் டிஸ்க் போதும். கணிதமும் புவியியலும் படிக்கிற பிள்ளைகளுக்கு அது உதவும்.

மூன்று, தொலைத்தொடர்பு ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவிடம் முறையாக விசாரித்துவிட்டே பொருத்துங்கள். ஒளித்துச் செய்ய இதில் ஒன்றுமில்லை. நம்ம சமூகத்தின் பெயரில் தேவையில்லாத சந்தேகம் வரவும் இடம் வைக்கக் கூடாது.

வருகிற வெள்ளி ஜும்ஆவுக்குப் பிறகு சபை கூடுகிறது. அனுமதிக் கடிதம் கொடுப்பதானால் இந்த மூன்றையும் அதில் எழுதிக் கொடுக்கச் சொல்லிக் கேளுங்கள். வாயால் சொன்னது போதாது, எழுத்தில் இருக்க வேண்டும்.