கேட்டு எடு, திருப்பிச் சொல்!

“மலைவாசி மருத்துவ ஆராய்ச்சிக்கு வரமாட்டான், ஊசியைக் கண்டால் ஓடுவான்” என்று ஏளனம் பேசுகிறார்கள் பட்டணத்துப் பண்டிதர்கள். ஏன் ஓடுகிறான் என்று கேட்டார்களா?

1952-ல் நீலகிரி மலைமக்களின் இரத்தத்தைச் சோதித்து, அரிவாள் செல் குறை அங்கிருப்பதை உலகுக்கு அறிவித்தனர் ஆராய்ச்சியாளர். அதை ஒழிக்க நாடு தழுவிய இயக்கம் வந்ததோ 2023-ல்! இரத்தம் கொடுத்தவன் பேரன் பேத்தி கண்டுவிட்டான்!

2009-ல் ஆந்திரத்துக் கம்மம் மாவட்டத்தில் கருப்பைவாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசி ஆய்வு நடந்தது. ஊசி நல்ல ஊசிதான். ஆனால் விடுதியில் தங்கிப் படித்த பழங்குடிச் சிறுமியர் பலருக்குப் பெற்றோரைக் கேட்கவில்லை. விடுதிக் காப்பாளரே கையெழுத்திட்டார். 2010-ல் ஆய்வு நிறுத்தப்பட்டது. 2013-ல் நாடாளுமன்றக் குழு கண்டித்தது.

மலைவாசியின் அச்சம் அறியாமையா? அல்ல, அனுபவம்!

அதற்காக ஆராய்ச்சியே வேண்டாமென்பதா? கூடாது! கணக்கில் வராதவனின் நோய் கவனிப்பிலும் வராது.

கள்ளக்குறிச்சித் தோழர்களே! கல்வராயன் மலைக்கு, வெள்ளிமலைக்கு ஆய்வுக்குழு வந்தால் உடன் செல்லுங்கள். எதற்காக இந்த ஆய்வு? என்ன தீங்கு நேரலாம்? மறுத்தால் வைத்தியம் நிற்குமா? இழப்பீடு யார் தருவார்? மலையாளிப் பழங்குடி மக்கள் முன்னிலையில் கேளுங்கள். மருந்துச் சோதனையில் ஒப்புதலும் இழப்பீடும் 2019-ஆம் ஆண்டு விதிகள் தந்த உரிமை. யாரும் போடும் பிச்சையல்ல! முடிவையும் ஊருக்கே வந்து சொல்லச் சொல்லுங்கள்.

கேட்டு எடுத்தால் ஆராய்ச்சி. கேளாமல் எடுத்தால் கொள்ளை!