ஊசி தூக்கிக் குதித்தவர்கள்

எங்கள் காலனியில் ஒரு ரிடையர்டு சுபேதார் இருக்கிறார். பாராசூட் ரெஜிமெண்ட்காரர். குடியரசு தினத்தன்று மெரூன் கலர் தொப்பியைச் சாய்த்துப் போட்டுக்கொண்டு வந்து நின்றால், அசோசியேஷன் செக்ரட்டரியே இரண்டடி தள்ளித்தான் நிற்பார்.

"எத்தனை தடவை குதிச்சிருக்கீங்க சார்?"

"எண்பத்து மூணு." பட்டென்று வந்தது பதில். கல்யாண நாளைக் கேட்டிருந்தால் கொஞ்சம் யோசித்திருப்பார்.

"பயமா இருக்காதா?"

"முதல் தடவை இருக்காது தம்பி. என்ன நடக்கும்னு தெரியாதே! ரெண்டாவது தடவைதான் கால் நடுங்கும்."

பயிற்சி ஆக்ராவில். ஐந்து தடவை குதித்தால்தான் சட்டையில் இறக்கை குத்துவார்கள். அதில் ஒன்று ராத்திரியில். முதுகிலுள்ள பாராசூட்டின் பட்டையை விமானத்துக்குள் ஓடும் கம்பியில் மாட்டிவிட வேண்டும். குதித்ததும் அதுவே இழுத்துத் திறந்துவிடும். ஆக, ஆசாமி செய்ய வேண்டிய வேலை ஒன்றே ஒன்றுதான். வாசலைத் தாண்டி ஒரு காலை வெளியே வைப்பது. ஓடும் பஸ்ஸிலிருந்து ஸ்டாப்புக்கு முன்பே ஸ்டைலாக இறங்கியதை எல்லாம் நாம் வீரம் என்று நினைத்திருந்தோம். நமக்குக் கீழே ரோடாவது இருந்தது!

"துப்பாக்கி தூக்கிக் குதிச்சவங்க கதை எல்லாரும் சொல்வாங்க. ஊசி தூக்கிக் குதிச்சவங்க கதை தெரியுமா உங்களுக்கு?" என்றார் சுபேதார். தெரியாது. உங்களில் எத்தனை பேருக்குத் தெரியுமோ!

கொரியப் போருக்கு இந்தியா சண்டை போட ஆள் அனுப்பவில்லை. 60-வது பாராசூட் ஃபீல்டு ஆம்புலன்ஸ் என்ற மருத்துவப் படையை மட்டும் 1950 நவம்பரில் அனுப்பியது. தலைமை, லெப்டினென்ட் கர்னல் ஏ.ஜி. ரங்கராஜ். பெயரே சொல்கிறது, நம்ம பக்கம். டாக்டர். பாராசூட்டில் குதித்த முதல் இந்தியர்கள் இரண்டு பேர். ஒருவர் இவர், இன்னொருவர் ஹவில்தார் மேஜர் மதுரா சிங்.

போய் இறங்கிய சில நாளிலேயே சீனப்படை வெள்ளமாக வந்துவிட்டது. பியாங்யாங்கிலிருந்து எல்லோரும் மூட்டை கட்டுகிறார்கள். நம்மவர்களுக்கு லாரி கிடையாது. மருந்தையும் ஆபரேஷன் சாமான்களையும் அழித்துவிட்டுக் கிளம்புவதுதான் வழி. மனசு வருமா? கத்தி, கத்தரி இல்லாத டாக்டர் அங்கே இருந்து என்ன பிரயோஜனம்?

தேடிப் பிடித்தார்கள், ஒரு நீராவி எஞ்சினை. அதற்குத் தண்ணீர் வேண்டுமே? வரிசையாக நின்று, வாளி வாளியாகக் கை மாற்றி நிரப்பினார்கள். (மெட்ராஸ் லாரித் தண்ணீர் வரிசையில் நின்றவர்களுக்கு இதன் அருமை புரியும்.) சாமான் அத்தனையையும் பெட்டிகளில் ஏற்றி, ரயிலைத் தாங்களே ஓட்டிக்கொண்டு, வெடி வைத்துத் தகர்ப்பதற்குள் பாலத்தைத் தாண்டிவிட்டார்கள். எங்கள் ஆபீசில் இடம் மாறியபோது ஒரு பீரோ சாவியைக் கொண்டுபோய்ச் சேர்க்க முடியவில்லை.

குதிக்கிற வேளை 1951 மார்ச் 23 அன்று வந்தது. முன்சான் என்ற இடத்தில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட அமெரிக்கப் பாராசூட் வீரர்கள் குதித்தார்கள். கூடவே ரங்கராஜும் அவருடைய ஆட்களுமாகப் பன்னிரண்டு பேர். மற்றவர்கள் இறங்கினது சுட. இவர்கள் இறங்கினது, சுடப்பட்டவர்களைத் தைக்க. ரங்கராஜுக்கு மகாவீர் சக்கரம் கொடுத்தார்கள். பரம்வீர் சக்கரத்துக்கு அடுத்தது. நம் பாடப் புத்தகத்தில் நான் படித்த வரையில் அவர் பெயர் வரவில்லை. அக்பர் அப்பாவின் பெயர் மட்டும் வருஷா வருஷம் வந்தது.

சண்டை 1953-ல் நின்றது. இவர்கள் 1954 வரை அங்கேயே இருந்து வைத்தியம் பார்த்துவிட்டுத்தான் கப்பலேறினார்கள்.

அந்தப் படை இன்னும் ஆக்ராவில் இருக்கிறது. 2023 பிப்ரவரியில் துருக்கியில் பூகம்பம் வந்தபோது, இஸ்கெண்டெருன் நகரில் போய் ஆஸ்பத்திரி போட்டவர்கள் இவர்கள்தான். 99 பேர். இந்தத் தடவை விமானம் தரையில் நின்ற பிறகுதான் இறங்கினார்கள். அதில் அவர்களுக்குக் கொஞ்சம் வருத்தம் இருந்திருக்கலாம்.