பொன்னாடையும் பிரேக் கட்டையும்

சென்ற வாரம் இரண்டு நண்பர்கள் என் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, ஒரே விஷயத்தைப் பற்றி நேர் எதிரான இரண்டு அபிப்பிராயங்களைச் சொல்லிவிட்டுப் போனார்கள். இருவருக்கும் காப்பி கொடுத்தேன், பதில் கொடுக்கவில்லை. எதிரே இருப்பவரிடம் சுடச்சுடப் பதில் சொல்லும் சாமர்த்தியம் எனக்குக் கிடையாது. ஆகவே இங்கே எழுதுகிறேன்.

விஷயம் எங்கள் தெருக்கோடி வீட்டுப் பிள்ளையைப் பற்றியது. பத்தொன்பது வயது, கல்லூரியில் பௌதிகம் படிக்கிறான். தன் தாத்தாவின் பழைய சைக்கிளில் ஓர் எஞ்சினைப் பொருத்தி ஓட்டினான். விழுந்து காறை எலும்பை முறித்துக்கொண்டான்.

"இந்த மாதிரி விஷப் பரீட்சைகளைச் சட்டம் போட்டுத் தடுக்கவேண்டும், சார். படிக்கிற பிள்ளைக்கு ஸ்பானர் எதற்கு?" என்றார் முதல் நண்பர். பெரிய உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர்.

"இந்த ஊரில் பிறந்ததால் அவன் வீணானான். ஜப்பானில் பிறந்திருந்தால் இந்நேரம் எங்கேயோ போயிருப்பான்" என்றார் இரண்டாமவர். இவர் வியாபாரி, தாராள மனசு.

இரண்டு பேரும் ஒரே தப்பைத்தான் சொல்லுகிறார்கள் என்பது என் கட்சி. அதைச் சொல்லுமுன் அந்த வண்டியைப் பற்றிச் சொல்லியாகவேண்டும்.

எஞ்சின் காயலான் கடையில் கிடைத்தது. தென்னந்தோப்புகளில் தோளில் மாட்டிக்கொண்டு, காது கிழியப் புல் வெட்டுகிறார்களே, அந்தக் கருவியின் எஞ்சின். குழாயும் தகடும் போய் எஞ்சின் மட்டும் மிஞ்சியிருந்தது. 35 சி.சி.; நான்கு ஸ்ட்ரோக். பெட்ரோலோடு எண்ணெயையும் கலந்து குடித்துவிட்டு நீலப் புகை கக்கும் இரண்டு ஸ்ட்ரோக் ஜாதியல்ல. பெட்ரோலுக்குத் தனி இடம், எண்ணெய்க்குத் தனி இடம். எடை நான்கு கிலோ தேறாது. ஒரு கையால் தூக்கிவிடலாம்.

எஞ்சின் கிடைத்துவிட்டால் சைக்கிள் ஓடிவிடுமா? அதுதான் இல்லை. அந்தக் குட்டி எஞ்சின் முழு மூச்சில் நிமிஷத்துக்கு 7000 தடவை சுழலும். 28 அங்குலச் சைக்கிள் சக்கரமோ, மணிக்கு 30 கிலோமீட்டர் ஓட நிமிஷத்துக்குச் சுமார் 225 தடவை சுழன்றால் போதும். அதாவது எஞ்சினின் 31 சுற்றைச் சக்கரத்தின் ஒரு சுற்றாகக் குறைக்கவேண்டும். ஒரே செயினில் இதைச் சாதிக்கப் பார்த்தால், பின்சக்கரம் எவ்வளவு பெரிதோ அவ்வளவு பெரிய பல்சக்கரம் வேண்டியிருக்கும். பையன் நடுவில் ஒரு தண்டைக் கொடுத்து இரண்டு கட்டமாகக் குறைத்தான். பின்சக்கரத்துப் பல்சக்கரத்தை முதலில் போக்ஸ் கம்பிகளோடு சேர்த்து முடுக்கினான். ஒரே மாதத்தில் ஏழு கம்பி அறுந்தது. இழுக்கிற பலமெல்லாம் கம்பியின் மேல் விழுகிறது என்று கண்டுபிடித்து, லேத்துப் பட்டறையில் ஒரு வளையம் கடையச் சொல்லி, ஹப்பிலேயே பூட்டினான். அப்புறம் ஒரு கம்பியும் அறவில்லை.

இத்தனைக்கும் ஒரு நோட்டுப் புத்தகத்தில் கணக்கு எழுதி வைத்திருந்தான். எந்த நாள் எது உடைந்தது, ஏன் உடைந்தது, என்ன மாற்றினேன் என்று வரிசையாக. நான் பார்த்திருக்கிறேன். ஒரு வருஷ உழைப்பு அதில் இருந்தது.

வண்டி ஓடியது. ஊர் திரண்டது. பத்திரிகையில் படம் வந்தது. 'கிராமத்து விஞ்ஞானி' என்று தலைப்பு. எங்கள் ஊர் கிராமமே அல்ல. பிறகு ஒரு பாராட்டுக் கூட்டம். பையனுக்குப் பொன்னாடை போர்த்தியது யார் தெரியுமா? இதை எழுதுகிற நான்தான். கோயமுத்தூர் ஜி.டி. நாயுடு இளமையில் ஒரு மோட்டார் சைக்கிளை வாங்கி அக்கக்காகக் கழற்றிப் பூட்டிய கதையைச் சொல்லி, அவருடைய வாரிசு இதோ என்று முழங்கினேன். கைதட்டல் ஓய அரை நிமிஷம் ஆயிற்று.

மேடையில் ஆறு பேர் இருந்தோம். ஒருவராவது, "தம்பி, இதன் பிரேக் எப்படி?" என்று கேட்கவில்லை.

பிரேக் தாத்தா காலத்துப் பிரேக்தான். கைப்பிடியிலிருந்து கம்பி இறங்கி, இரண்டு ரப்பர் கட்டைகளை இரும்பு ரிம்மில் மேல்நோக்கி இழுத்து அழுத்துமே, அது. மனிதன் கால் வலிக்க மிதித்துப் போகிற வேகத்துக்கு ஏற்பட்டது. முலாம் பூசிய இரும்பு ரிம் நனைந்துவிட்டால் அந்தக் கட்டைகள் பிடிப்பதைவிட வழுக்குவதுதான் அதிகம்.

கூட்டம் நடந்த பதினேழாம் நாள், தூறல் விழுந்த சாயங்காலம், ரயில்வே கேட்டை மூடிக்கொண்டிருந்தார்கள். பையன் பிரேக்கைப் பிடித்தான். வண்டி நிற்கவில்லை. எதிரே கூடையும் கையுமாக ஓர் அம்மாள். ஹாண்டில் பாரை ஒடித்துத் திருப்பி, கேட் கம்பத்தில் மோதி விழுந்தான். அந்த அம்மாளுக்கும் சக்கரத்துக்கும் நடுவே ஒரு முழம் இருந்திருக்கும். அந்த ஒரு முழத்தை நினைத்தால் எனக்கு இன்னும் தூக்கம் வரவில்லை.

மறுநாள் அவனுடைய தகப்பனார் எஞ்சினைக் கழற்றி அதே காயலான் கடையில் எடைக்குப் போட்டார். நோட்டுப் புத்தகம் பழைய பேப்பரோடு போயிற்று.

இப்போது என் கட்சிக்கு வருகிறேன்.

வேகம் இரட்டித்தால் ஓட்டத்தின் சக்தி நான்கு மடங்காகும். 15 கிலோமீட்டர் வேகத்தில் போகிற வண்டியை நிறுத்த பிரேக் எவ்வளவு வேலை செய்யவேண்டுமோ, 30 கிலோமீட்டர் வேகத்தில் அதைப் போல் நான்கு பங்கு வேலை செய்யவேண்டும். இது பரம ரகசியமல்ல. பௌதிகப் புத்தகத்தின் முதல் அத்தியாயங்களில் இருப்பது. அந்தப் பையனே பரீட்சையில் எழுதி மார்க்கு வாங்கியதுதான். பின் ஏன் பிரேக் கட்டையைப் பார்க்கும்போது அது அவன் ஞாபகத்துக்கு வரவில்லை?

ஏனென்றால், சூத்திரம் கல்லூரியில் இருக்கிறது. சைக்கிள் கொல்லைப்புறத்தில் இருக்கிறது. நடுவே நாம் ஒரு சுவர் எழுப்பி வைத்திருக்கிறோம். வகுப்பில் இருக்கிறவரைக்கும் அது படிப்பு. கொல்லைக்கு வந்தால் வேண்டாத வேலை. 'ஸ்பானர் எதற்கு' என்று கேட்கிற நண்பர் சுவருக்கு அந்தப் பக்கம் நின்று வைகிறார். 'ஜப்பானில் பிறந்திருந்தால்' என்கிற நண்பர் இந்தப் பக்கம் நின்று மாலை போடுகிறார். இருவருக்கும் கைவேலை என்பது அறிவல்ல. ஒருவருக்கு அது குறும்பு, மற்றவருக்கு அது அற்புதம். குறும்பையும் யாரும் திருத்துவதில்லை, அற்புதத்தையும் யாரும் பரிசோதிப்பதில்லை. முன்னதை அடிப்பார்கள், பின்னதைக் கும்பிடுவார்கள். வருஷத்தில் ஒரு நாள் ஆயுத பூஜையன்று ஸ்பானருக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்துவிட்டு, மறுநாள் முதல் அதைத் தொடுகிறவனை ஒரு படி கீழே வைக்கிறவர்கள்தானே நாம்? ஜி.டி. நாயுடுவையும் 'அதிசய மனிதர்' என்று சொல்லித்தானே கரையேறினோம்? அதிசயம் என்று சொல்லிவிட்டால் அவரிடமிருந்து நாம் ஒன்றும் கற்றுக்கொள்ள வேண்டியதில்லை பாருங்கள்!

ஜப்பான் என்றாரே நண்பர், அங்கே நடந்ததைத்தான் பார்ப்போமே. 1946இல், யுத்தத்தில் நொறுங்கிப் போன ஹமமாட்சு நகரில், ராணுவ வயர்லெஸ் கருவிகளுக்கு மின்சாரம் கொடுத்து வந்த சின்ன எஞ்சின்களை வாங்கிச் சைக்கிளில் பொருத்தினார் சோய்ச்சிரோ ஹோண்டா. பெட்ரோல் டாங்கிக்கு அவர் முதலில் எடுத்துக்கொண்டது குளிருக்கு ஒத்தடம் கொடுக்கிற வெந்நீர்ப் பாத்திரம். நம் பையன் செய்ததற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? வித்தியாசம் பின்னால் இருக்கிறது. அந்தச் சைக்கிளை அவருடைய மனைவி ஊருக்குள் ஓட்டிப் பார்த்துவிட்டு, உடையெல்லாம் எண்ணெய்க் கறை என்று குறை சொன்னாராம். பொன்னாடை போர்த்தவில்லை, குறை சொன்னார். அதற்கும் பத்து வருஷத்துக்கு முன்னால், அவர் வார்த்த பிஸ்டன் வளையங்கள் ஒன்றுக்கும் உதவாமல் போனபோது, உலோகத்தைப் பற்றித் தமக்கு ஒன்றும் தெரியாது என்று உணர்ந்து, முப்பது வயதுப் பட்டறைக்காரர் தொழில்நுட்பக் கல்லூரியில் போய்ப் பையன்களோடு உட்கார்ந்து பாடம் கேட்டார். அங்கே சுவரில் ஒரு வாசல் இருந்தது. 1958இல் அவர் கம்பெனி வெளியிட்ட 49 சி.சி. நான்கு ஸ்ட்ரோக் 'சூப்பர் கப்' 2017க்குள் பத்துக் கோடி வண்டிகளைத் தாண்டியது. அந்த வாசல் வழியாக வந்த வண்டி அது.

இத்தாலியிலும் இப்படித்தான். யுத்தத்தின் கடைசிக் காலத்தில் டூரின் நகரில் ஆல்டோ ஃபாரினெல்லி என்பவர் சைக்கிளில் மாட்டுகிற 48 சி.சி. நான்கு ஸ்ட்ரோக் எஞ்சின் ஒன்றை உருவாக்கினார். அது குரைக்கிற சத்தத்துக்காக 'குச்சியோலோ', அதாவது நாய்க்குட்டி என்று பெயர். அதை 1946இல் தயாரிக்க முன்வந்தது ரேடியோப் பாகங்கள் செய்துகொண்டிருந்த டுகாட்டி கம்பெனி. குண்டு விழுந்து தொழிற்சாலை நாசமாகியிருந்த சமயம். இன்று பந்தய மோட்டார் சைக்கிளுக்குப் பேர்போன டுகாட்டி, மோட்டார் வண்டித் தொழிலில் அடியெடுத்து வைத்தது சைக்கிளில் மாட்டிய நாய்க்குட்டியோடுதான்.

"ஆபத்தாயிற்றே, சார்?" என்று முதல் நண்பர் மறுபடி கேட்பார். ஆபத்துத்தான். ஆனால் ஆபத்து எஞ்சினில் இல்லை. கேட்காமல் விட்ட கேள்வியில் இருந்தது. "மின்சாரச் சைக்கிள்தான் கடையில் கிடைக்கிறதே, வாங்கித் தொலைக்கக் கூடாதா?" என்பார். வாங்கலாம். சந்தைக்குப் போக அது போதும். ஏழு கம்பி ஏன் அறுந்தது என்பதை அது சொல்லித் தராது.

அவர் கேட்கிற சட்டமும் இருக்கத்தான் இருக்கிறது. 1988ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டம், நான்குக்குக் குறைந்த சக்கரங்களும் 25 சி.சி.க்கு மேற்படாத எஞ்சினும் உள்ள வண்டியை 'மோட்டார் வாகனம்' என்ற இலக்கணத்தில் சேர்க்கவில்லை. இந்தப் புல்வெட்டும் எஞ்சின்கள் 25 சி.சி.யிலும் வருகின்றன, 35 சி.சி.யிலும் வருகின்றன. சின்னதைப் போட்டிருந்தால் வழி திறந்திருந்தது. பெரியதைப் போட்டதால் பதிவும் லைசென்சும் இன்ஷ்யூரன்சும் இல்லாத மோட்டார் வாகனமாகிவிட்டது. பத்து சி.சி. வித்தியாசம்! மேடையில் இருந்த ஆறு பேரில் சட்டம் படித்தவர் ஒருவர், அரசாங்க அதிகாரி ஒருவர். யாரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியவர்கள் கைதட்டிக்கொண்டிருந்தோம்.

ஆகவே நான் கேட்பது தடையுமல்ல, விழாவுமல்ல. கல்லூரியில் ஒரு மேஜை, ஒரு வைஸ், சனிக்கிழமை சாயங்காலங்களில் ஓர் ஆசிரியர். பையன்கள் செய்ததைக் கொண்டுவந்து வைக்கட்டும். கட்டுரை நோட்டில் சிவப்பு மை போடுவது போல் இதிலும் போடுங்கள். முதல் கேள்வி பிரேக்கைப் பற்றி இருக்கட்டும். மழை நாளில், ஆள் இல்லாத மைதானத்தில், 30 கிலோமீட்டர் வேகத்தில் வந்து குறித்த கோட்டுக்குள் நிறுத்திக் காட்டினால்தான் பாஸ். தேறாவிட்டால், 'இன்னும் ஒரு மாதம் வேலை செய்' என்று திருப்பி அனுப்புங்கள். அப்படித் திருப்பி அனுப்புவதுதான் மரியாதை. எந்தப் பொன்னாடையும் அதற்கு ஈடாகாது.

நேற்று அந்தத் தகப்பனார் வந்திருந்தார். "நீங்கள் சொன்னால் கேட்பான், இதையெல்லாம் விட்டுவிடச் சொல்லுங்கள்" என்றார். அவர் மேல் எனக்குக் கோபமில்லை. பிள்ளையைக் கட்டுப் போட்ட தோளோடு பார்த்த தகப்பன் வேறென்ன கேட்பார்? ஆனாலும் அவர் கேட்டபடி என்னால் சொல்ல முடியாது. ஒரு புது நோட்டுப் புத்தகம் வாங்கி வைத்திருக்கிறேன். எலும்பு கூடியதும் பையனிடம் கொடுத்து, பழைய நோட்டில் இருந்ததை ஞாபகத்திலிருந்து எழுதச் சொல்லப் போகிறேன். முதல் பக்கத்தை மட்டும் காலியாக விடச் சொல்லுவேன். அது பிரேக்குக்கு.

இனிமேல் யாராவது இப்படி ஒரு வண்டிக்காக என்னைப் பாராட்டுக் கூட்டத்துக்கு அழைத்தால் கட்டாயம் வருகிறேன். ஆனால் மேடைக்கு வருமுன் வண்டி நிற்கிற இடத்துக்குப் போவேன்; குனிந்து பிரேக் கட்டையைத் தொட்டுப் பார்ப்பேன். பொன்னாடையை அதுவரை யாராவது கையில் வைத்திருங்கள்.